‘தாக்குப் போர்’ என்னும் சொல்: அமெரிக்காவிலிருந்து ஆங்கிலப் படை விலகியமை பற்றிய ஓர் ஆய்வு

1782-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள் தொடங்கிய விவாதம், நள்ளிரவைக் கடந்த பின்னரே வாக்கெடுப்புக்கு வந்தது. ஆங்கில நாட்டுப் பொதுமக்கள் அவையில் அன்றிரவு அரசாங்கத்தின் பக்கம் 215 பேரும், எதிர்ப்பக்கம் 234 பேரும் நின்றனர். ஏழாண்டுகளாக அமெரிக்க மண்ணில் நடந்துவந்த போர் அந்த 19 வாக்குகளால் முடிவுற்றது என்று வரலாற்று நூல்கள் பொதுவாகக் கூறும். கூற்று பிழையன்று, ஆயினும் முழுமையானதும் அன்று. அவ்வவை போரை முடிக்குமாறு கூறவில்லை. போர் அறமற்றது என்று கூறவில்லை. அமெரிக்கர் விடுதலைக்கு உரியவர் என்றும் கூறவில்லை. வட அமெரிக்கக் கண்டத்தில் ‘தாக்குப் போர்’ இனித் தொடரலாகாது என்று மட்டுமே கூறிற்று. இச்சொல் தீர்மானத்துள் எவ்வாறு புகுந்தது, அது எதனை முடித்துக் கொடுத்தது, எதனைப் பேசாது விட்டது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பேசாது விடப்பட்டவற்றுள் ஒன்று தமிழ்நாட்டு மண்ணைச் சார்ந்தது. ஆதலின் இவ்வாராய்ச்சி நம் மாணாக்கர்க்கு அயலதன்று என யாம் கருதுகின்றோம்.

முதற்கண் சான்றுகளைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். பாராளுமன்ற உரைகளைச் செய்தித்தாளில் வெளியிடுதல் அவையின் உரிமையை மீறும் குற்றமாக நெடுங்காலம் கருதப்பட்டது. 1771-இல் அச்சகத்தார் சிலரைப் பிடித்து ஒறுக்க அவை முயன்றபோது, இலண்டன் நகரத் தலைவர் பிராஸ் கிராஸ்பி அவர்கட்குத் துணைநின்று கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். நகர மக்கள் திரண்டெழுந்தனர். அதன்பின் தடை ஏட்டில் நின்றதேயன்றி நடைமுறையில் நில்லாது ஒழிந்தது. அமெரிக்கப் போரைப் பற்றிய விவாதத்தைக் காப்பிக் கடைகளிலும் சந்தை ஊர்களிலும் மக்கள் அடுத்த நாளே படித்தறிய முடிந்ததற்கு இந்நிகழ்ச்சியே வழி செய்தது. எனினும் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து குறிப்பெடுக்க இசைவு இல்லை. ‘மார்னிங் கிரானிக்கிள்’ இதழாசிரியர் வில்லியம் உட்பால் என்பார் மணிக்கணக்கில் செவிமடுத்து, மனத்தில் இருத்தி, பின்னர் எழுதுவார். அதனாலேயே ‘நினைவு உட்பால்’ என்று பெயர் பெற்றார். ஆகவே பர்க்கும் பாக்சும் இன்ன சொல்லைத்தான் சொன்னார்கள் என்று அறுதியிடல் அரிது. தீர்மானங்களின் நிலை வேறு. அவை எழுத்தில் முன்மொழியப்பட்டு, எழுத்தில் பதியப்பட்டவை. பேச்சின் சொல்லை ஐயுறலாம். தீர்மானத்தின் பாடத்தை ஐயுற இடமில்லை. பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கிப் பழகிய நம்மவர்க்கு, அடுத்தடுத்து வந்த மூன்று தீர்மானங்களின் சொற்களை அருகருகே வைத்து நோக்குதல் புதிய முயற்சி ஆகாது.

படையை விலக்க வேண்டும் என்னும் கோரிக்கை போர் தொடங்குவதற்கு முன்பே எழுந்தது என்பதை முதலில் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1775 ஜனவரி 20-ஆம் நாள், பிரபுக்கள் அவையில் சாத்தம் பிரபு, பாஸ்டன் நகரில் நிறுத்தப்பட்டிருந்த படையைத் திரும்ப அழைக்குமாறு மன்னரை வேண்டும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். ஏழாண்டுப் போரில் பிரெஞ்சுக்காரரை வென்று பேரரசை விரித்தவர் இவரே. ஆயினும் அவருக்குக் கிடைத்தவை 18 வாக்குகள், எதிராக 68. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் பர்க் முன்வைத்த இணக்கத் தீர்மானங்களும் பொதுமக்கள் அவையில் 270-க்கு 78 என்னும் கணக்கில் வீழ்ந்தன. ஏப்ரல் 19-இல் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது.

நாட்டு மக்கள் ஒருமுகமாக இருந்தனர் என்று எண்ணுதல் பிழை. அவ்வாண்டு ஊர்தோறும் மன்னருக்கு விண்ணப்பங்கள் சென்றன. ஒரே ஊரிலிருந்து, வன்மையாக அடக்குக என ஒன்றும், இணக்கம் செய்க என மற்றொன்றும் சென்றதுண்டு. ரிச்சர்டு பிரைஸ் 1776-இல் உரிமையின் இயல்பு பற்றி எழுதிய சிறுநூல் பெருவாரியாக விற்றது. அதற்கு முந்திய ஆண்டில் சாமுவேல் ஜான்சன் அரசாங்கத்தின் சார்பில் எழுதியதும் பலரால் படிக்கப்பட்டது. இவ்விருவர்க்கும் இடையில் நில்லாது முற்றிலும் வேறோரிடத்தில் நின்றவர் கிளாஸ்டர் நகரத்துத் திருச்சபைத் தலைவர் ஜோசையா டக்கர். அமெரிக்கர் மீது அவருக்கு அன்பு சிறிதும் இல்லை. குடியேற்ற நாடுகளைக் காத்தலால் வரும் செலவு வருவாயினும் மிகுதி. வாணிகம் ஆட்சியால் நிற்பதன்று, விலையால் நிற்பது. ஆதலின் அவர்களைத் தாமாகவே பிரித்துவிடுதல் நமக்கே நன்று என்று அவர் வாதிட்டார். ஆடம் ஸ்மித் 1776 மார்ச்சில் வெளியிட்ட பெருநூலின் இறுதிப் பகுதியும் இக்கருத்தையே தழுவி நிற்கின்றது. அன்று இவ்வாதம் விந்தையெனத் தள்ளப்பட்டது. ஆறாண்டுகட்குப் பின் நிலக்கிழார்களின் மனத்தை மாற்றியது பிரைசின் உரிமை வாதமன்று. ஏறக்குறைய டக்கரின் கணக்கு வாதமே.

1777 அக்டோபர் 17-இல் பர்கோயின் என்னும் தளபதி சரடோகாவில் படையுடன் சரணடைந்தார். அடுத்த பிப்ரவரியில் பிரான்சு அமெரிக்கரோடு உடன்படிக்கை செய்தது. இனிப் போர் ஒரு கண்டத்தோடு நில்லாது என்பது எல்லோர்க்கும் தெளிவாயிற்று. இந்நிலையில் 1778 ஏப்ரல் 7-ஆம் நாள் பிரபுக்கள் அவையில் நிகழ்ந்ததை யாம் சிறிது விரித்துக் கூற விரும்புகின்றோம். படைவிலக்கம் பற்றிய விவாதத்தின் உள்முரண் முழுவதும் அந்நாளில் அடங்கியுள்ளது.

கிளர்ந்தெழுந்த மாநிலங்களிலிருந்து கப்பற்படையையும் தரைப்படையையும் விலக்குமாறு மன்னரை வேண்டும் தீர்மானத்தை ரிச்மண்டு கோமகன் கொணர்ந்தார். மூன்றாண்டுகட்கு முன் இதே அவையில் இதே வேண்டுகோளை முதலில் விடுத்த சாத்தம், நோயுற்ற உடலோடு பிறர் தாங்க உள்ளே வந்தார். வந்தது ஆதரிப்பதற்கன்று, எதிர்ப்பதற்கு. அமெரிக்கரை ஆயுதத்தால் வெல்ல இயலாது என்று அவரே பலகாற் கூறியிருந்தார். அதனை அவர் மறுக்கவில்லை. ஆனால் படையை விலக்கினால் அமெரிக்கா தனிநாடாகும், பிரான்சின் முன் பேரரசு உடையும் என்பதை அவரால் ஏற்க இயலவில்லை. ரிச்மண்டு மறுமொழி கூறியபின் மீண்டும் எழ முயன்றவர் மயங்கி விழுந்தார். மே 11-இல் உயிர் நீத்தார். காப்ளி என்னும் ஓவியர் இக்காட்சியைப் பெரும்படமாகத் தீட்டினார். பின்வந்தோர் அப்படத்தைக் கண்டு, சாத்தம் அமெரிக்க விடுதலைக்காக உயிர்விட்டார் என மயங்கியதும் உண்டு. உண்மை அதற்கு மாறானது. போரை எதிர்த்தோரே இரு கூறாயினர். ராக்கிங்காம் குழுவினர் விடுதலையை ஒப்புக்கொண்டேனும் போரை நிறுத்த விழைந்தனர். சாத்தத்தின் வழிவந்த ஷெல்பர்ன் முதலியோர் போரையும் வெறுத்தனர், விடுதலையையும் வெறுத்தனர். வெல்லவும் இயலாது, விடவும் கூடாது என்னும் இந்நிலையில் நிற்போர் இருக்கும்வரை போர் தானாகவே தொடரும். அமைச்சரவை பெரும்பான்மையை இழக்காமல் மேலும் நான்காண்டுகள் நின்றதற்கு இப்பிளவு ஒரு தலையாய காரணமாகும்.

மன்னர் மூன்றாம் ஜார்ஜின் கருத்தையும் நேர்மையாக எடுத்துரைத்தல் கடன். 1779 ஜூன் 11-ஆம் நாள் தலைமை அமைச்சர் நார்த்து பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கின்றது. அமெரிக்கா போனால் மேற்கிந்தியத் தீவுகள் அதனைப் பின்தொடரும். அயர்லாந்தும் விரைவில் செல்லும். இறுதியில் இத்தீவு மட்டும் வறுமையுற்று எஞ்சும் என்பது அவர் வாதம். ஒன்று வீழின் அடுத்தடுத்து எல்லாம் வீழும் என்னும் இவ்வச்சம், பிற்காலப் போர்கள் பலவற்றில் நாம் கேட்டுப் பழகியதே. செலவைக் காட்டிப் போரை நிறுத்தச் சொல்வோரைப் பற்றி, இவர்கள் கடைக்காரன் தன் தராசில் எடை போடுவதுபோல நாட்டின் செயலை எடை போடுகின்றனர் என்னும் கருத்துப்பட அக்கடிதத்தில் இகழ்ந்துரைக்கின்றார். எடைபோடுதல் வணிகர்க்கே உரியது, வேந்தர்க்கு இழுக்கு என்னும் இவ்வெண்ணம் நமக்கு வியப்பளிக்கின்றது. ‘வலியறிதல்’ என ஓர் அதிகாரத்தையே பொருட்பாலில் வைத்த வள்ளுவர் இதற்கு உடன்படார். எனினும் மன்னர் பிழைத்தார் என்று எளிதாகக் கூறிவிட இயலாது. அமெரிக்காவுக்குப் பின் கரீபியத் தீவுகள் பறிபோகும் என அஞ்சியவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். பிரெஞ்சுக் கப்பற்படை அத்தீவுகளில் சிலவற்றைப் பற்றியும் இருந்தது.

தராசு எவ்வாறு சாய்ந்தது என்பதைச் சுருங்கக் கூறுவோம். நிலவரி 1776 முதல் பவுனுக்கு நான்கு ஷில்லிங்காக, அஃதாவது ஐந்தில் ஒரு பங்காக, உயர்ந்து நின்றது. நாட்டுக்கடன் போர்க்காலத்தில் இருமடங்கை நெருங்கிற்று. ஜெர்மானியச் சிற்றரசர்களிடமிருந்து கூலிக்கு அமர்த்தப்பட்ட வீரர் தொகை மொத்தத்தில் ஏறத்தாழ 30,000. 1779 டிசம்பர் 30-ஆம் நாள் யார்க்கு நகரில் கூடிய நிலவுரிமையாளர், கிறிஸ்டபர் வைவில் என்னும் குருவின் முயற்சியால், அரசாங்கச் செலவைக் குறைக்குமாறு விண்ணப்பம் எழுதினர். எண்ணாயிரவருக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அவ்விண்ணப்பம் போரைப் பெருஞ்செலவுடைய நற்பேறற்ற போர் என்று தொடங்குகின்றதேயன்றி, போரை நிறுத்துக என்று கேட்கவில்லை என்பது குறிக்கத்தக்கது. 1780 ஏப்ரலில் முடியரசின் செல்வாக்கு வளர்ந்துவிட்டது, குறைத்தல் வேண்டும் என்னும் டன்னிங்கின் தீர்மானம் 233-க்கு 215 என வென்றது. ஜூனில் இலண்டனில் மதக்கலகம் மூண்டு நகரம் எரிந்தது. கலகத்தைக் கண்டு அஞ்சிய நிலக்கிழார் மீண்டும் அரசாங்கத்தின் நிழலில் ஒதுங்கினர். 1781 ஜூன் 12-இல் பாக்ஸ் கொணர்ந்த சமாதானத் தீர்மானத்திற்குக் கிடைத்தவை 99 வாக்குகளே, எதிராக 172.

1781 அக்டோபர் 19-இல் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்தார். செய்தி நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, இலண்டனை எட்டியது. நார்த்து பிரபு மார்பில் குண்டு பாய்ந்தவர்போல் அறைக்குள் கைவிரித்து நடந்து, எல்லாம் முடிந்தது என்று அரற்றினார் என்பது எல்லா நூல்களிலும் காணப்படும் செய்தி. இதற்கு மூலம் ராக்சால் என்பவர் 1815-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பு; அவரும் தாமே கண்டவர் அல்லர், ஜெர்மெயின் பிரபு சொல்லக் கேட்டவர். ஆகவே அதனை அளவறிந்தே கொள்ளல் வேண்டும். எவ்வாறாயினும் எல்லாம் முடிந்துவிடவில்லை. நியூயார்க்கு, சார்ல்ஸ்டன், சவானா ஆகிய மூன்று துறைமுகங்களும் ஆங்கிலர் கையிலேயே இருந்தன. போரைத் தொடர்வதா என்பது களத்தில் முடிவாகாமல் அவைக்கு வந்தது இதனாலேயே.

இனி அம்மூன்று பாடங்களைக் காண்போம்.

முதலாவது, 1781 டிசம்பர் 12-ஆம் நாள் சர் ஜேம்ஸ் லோதர் கொணர்ந்தது. குடியேற்ற நாடுகளில் இதுவரை நடத்திய போர் பயனற்றதாயிற்று. வலிமையால் அமெரிக்கரை அடக்கும் இனிவரும் முயற்சியும் பயனற்றதே ஆகும் என்பது அதன் சாரம். ‘பயனற்றது’ என்னும் சொல் சென்றதையும் வருவதையும் ஒருங்கே பழிக்கின்றது. இதுவரை வாக்களித்துப் போரை நடத்தியவர்கள் இதனை ஆதரித்தால், தம் ஏழாண்டு வாக்கையும் பழித்தவர் ஆவர். தீர்மானம் 220-க்கு 179 எனத் தோற்றது.

இரண்டாவது, 1782 பிப்ரவரி 22-இல் தளபதி கான்வே கொணர்ந்தது. கான்வே யார் என்பதை அறிந்தால் அவர் ஏன் தெரிந்தெடுக்கப்பட்டார் என்பது விளங்கும். போர்க்களம் கண்ட படைத்தலைவர். 1766-இல் அமைச்சராக இருந்து முத்திரைச் சட்டத்தை நீக்கும் மசோதாவை நடத்தியவர். எக்கட்சியின் வெறியும் இல்லாதவர். கோழையென்றோ பாக்சின் கையாள் என்றோ அவரைக் கூற இயலாது. அவர் தீர்மானம், போரின் துன்பங்களையும் மக்கள் சுமையையும் எடுத்துக்கூறி, அந்நாட்டு மக்களை வலிமையால் பணியவைத்தல் என்னும் ‘இயலாத’ நோக்கத்திற்காக வட அமெரிக்கக் கண்டத்தில் போர் தொடராதிருக்க மன்னரை வேண்டிற்று. பயனற்றது என்பது இயலாதது என்றாயிற்று. சென்ற காலத்தைப் பற்றிய பழி நீங்கிற்று. எனினும் போரின் நோக்கமே இயலாதது என்னும் தீர்ப்பு எஞ்சியது. ஆதரித்தோர் 193, எதிர்த்தோர் 194. ஒரே வாக்கு.

மூன்றாவது, ஐந்து நாள் கழித்து அவரே கொணர்ந்தது. இதில் ‘இயலாத’ என்னும் சொல் இல்லை. அதன் இடத்தில் ‘தாக்குப் போர்’ வந்து அமர்ந்துள்ளது. குடியேற்ற நாடுகளை வலிமையால் பணியவைக்கும்பொருட்டு வட அமெரிக்கக் கண்டத்தில் தாக்குப் போரை மேலும் நடத்துதல், ஐரோப்பியப் பகைவர்க்கு எதிரான இந்நாட்டின் முயற்சியைத் தளர்த்தும். இருசாரார்க்கும் இடையே பகையை வளர்க்கும். மன்னர் விழையும் அமைதிக்குத் தடையாகும் என்பது அதன் பொருள். நோக்கம் இயலாதது என்ற தீர்ப்பும் இப்போது மறைந்தது. தாக்குப் போர் கூடாது என்றால் தற்காப்புப் போர் கூடும் அன்றோ? நியூயார்க்கைக் கைவிடுக என அது சொல்லவில்லை. விடுதலையை ஒப்புக்கொள்க என்றும் சொல்லவில்லை. அடுக்கப்பட்ட காரணங்களுள் முதலாவதாக நிற்பது சமாதானமன்று என்பதையும் நோக்குக. பிரான்சு, ஸ்பெயின், ஆலந்து ஆகிய பகைவரை இன்னும் வலிமையாகத் தாக்குதற்கே அமெரிக்காவில் கை ஓயவேண்டும் என்பதே முதற் காரணம்.

அரசாங்க வழக்குரைஞர் வாலஸ், இடைக்காலப் போர்நிறுத்தத்திற்கு ஒரு மசோதா கொணர்வதாகக் கூறி விவாதத்தை ஒத்திவைக்க முயன்றார். வாக்கெடுப்பு நடந்தது அவ்வொத்திவைப்பின் மீதே; அது 19 வாக்கில் தோற்றபின் கான்வேயின் தீர்மானம் எண்ணிப் பார்க்கப்படாமலே நிறைவேறிற்று. மார்ச்சு 4-இல் அவை மேலும் ஒருபடி சென்று, அத்தகைய தாக்குப் போரை நடத்த அறிவுரை கூறுவோரை மன்னர்க்கும் நாட்டுக்கும் பகைவராகக் கருதும் என்று தீர்மானித்தது. மார்ச்சு 20-ஆம் நாள் நார்த்து பதவி விலகினார். மன்னர் முடி துறப்பதாக ஓலை எழுதி வைத்தார், விடுக்கவில்லை.

ஒரு வாக்கில் தோற்றதை ஐந்து நாளில் 19 வாக்கில் வெல்லச் செய்தது சொல்மாற்றம் ஒன்றே என்று யாம் சாதிக்கவில்லை. வராதிருந்த உறுப்பினர் சிலர் வந்தனர். அவ்வாண்டுக்கு நார்த்து கேட்ட கடனோ 1 கோடியே 35 இலட்சம் பவுன். ஆயினும் நிலக்கிழார் ஒருவர் தம் பழைய வாக்கைப் பழிக்காமலே புதிய வாக்கை அளிக்க அச்சொல் ஒரு கதவைத் திறந்து வைத்தது. நீண்ட போரிலிருந்து ஓர் அவை விலகுங்கால், அப்போரைத் தொடங்கியவர்களின் வாக்கும் வேண்டியிருக்கின்றது. அவ்வாக்கைப் பெறக் கொடுத்த விலை, போர் நேரியதா என்னும் வினாவை எழுப்பாமல் விடுதல். சிலர் இதனை அரசியல் முதிர்ச்சி என்று போற்றுவர். யாம் அவ்வளவு எளிதாகப் போற்ற இயலவில்லை. அதற்குக் காரணம் அத்தீர்மானத்திலேயே உள்ள இடப்பெயர் ஆகும்: ‘வட அமெரிக்கக் கண்டத்தில்’.

அதே போர் அதே நாட்களில் தமிழ்நாட்டிலும் நடந்துகொண்டிருந்தது. இஃது உவமையன்று. 1778-இல் பிரான்சு அமெரிக்கர் பக்கம் சேர்ந்தவுடன் ஆங்கிலக் கம்பெனிப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டு அக்டோபரில் கைப்பற்றியது. 1779 மார்ச்சில் மலையாளக் கரையில் மாகியைப் பற்றியது. மாகி, மைசூர் வேந்தர் ஐதர் அலியின் படைக்கலங்கள் வந்திறங்கும் துறை. தம் காவலில் உள்ளதென அவர் முன்னரே எச்சரித்திருந்த ஊர். அவர்க்கும் கம்பெனிக்கும் பழம்பகை வேறு உண்டு. 1780 ஜூலையில் அவர் கணவாய்களைக் கடந்து ஆர்க்காட்டுச் சீமையில் இறங்கினார். செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள புள்ளலூரில் கர்னல் பெய்லியின் மூவாயிரத்துக்கு மேற்பட்ட படை அழிந்தது. அருகில் இருந்தும் துணைக்கு வந்தெய்தாத மன்றோ, பெரும் பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். 1781-இல் வங்கத்திலிருந்து வந்த அயர் கூட் பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் வென்றார். நவம்பரில் ஆலந்தர் கையிலிருந்த நாகப்பட்டினம் ஆங்கிலர் வசமாயிற்று.

1782 பிப்ரவரியின் நாட்களை நோக்குக. 17-ஆம் நாள் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் பொருதனர். 18-ஆம் நாள், தஞ்சைச் சீமையில் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படை திப்புவிடம் வீழ்ந்தது. 22-ஆம் நாள் இலண்டனில் கான்வே ஒரு வாக்கில் தோற்றார். 27-ஆம் நாள் வென்றார். கடல்கடந்து செய்தி செல்ல அரையாண்டும் அதற்கு மேலும் ஆகுமாதலின், காவிரிக் கரையில் நடந்ததை அன்றிரவு வாக்களித்த எவரும் அறியார். ஆனால் புள்ளலூரை அறிவர். அதனை அறிந்தே 1781 ஏப்ரல் இறுதியில் கருநாடகப் போரின் காரணங்களை ஆராய டண்டாஸ் தலைமையில் மறைக்குழு ஒன்றை அவை அமைத்திருந்தது. அக்குழுவின் அறிக்கைகள் விரிவானவை. அவற்றின்வழி, இந்தியாவில் நாடு கவரும் திட்டங்கள் ஆங்கில நாட்டின் விருப்பத்துக்கும் மானத்துக்கும் கொள்கைக்கும் மாறானவை என்னும் தீர்மானமும் 1782-இல் நிறைவேறிற்று. 1784-இல் பிட்டின் இந்தியச் சட்டத்திலும் அது இடம்பெற்றது. வாரன் ஹேஸ்டிங்சைத் திரும்ப அழைக்கவேண்டும் என்றும் அவை கூறிற்று. யார் பிழை செய்தார், யாரை ஒறுத்தல் வேண்டும் என்பன ஆராயப்பட்டன. படையை விலக்கலாமா என்னும் வினா மட்டும் எழவேயில்லை.

ஏன் எழவில்லை? அமெரிக்காவில் வெளிப்பட்ட செலவுக் கணக்கு இங்கு வெளிப்படவில்லை என்பதே எம் விடை. கம்பெனிப் படையின் ஊதியம் யார்க்குஷயர் நிலக்கிழாரின் நான்கு ஷில்லிங்கிலிருந்து செல்லவில்லை. அது வங்கத்துத் தீர்வையிலிருந்தும் ஆர்க்காட்டு நவாபின் கடன்மேற் கடனிலிருந்தும் சென்றது. அந்நவாபின் கடனோ இறுதியில் தமிழ் உழவரின் களத்துமேட்டில் வந்து விழுந்தது. தராசின் ஒரு தட்டு இலண்டனில் இருக்க, மற்றத் தட்டு கண்ணுக்கெட்டாத் தொலைவில் இருந்தமையால் எடைபோடுதற்கே இடமில்லாமற் போயிற்று. பர்க் இதனை உணர்ந்தவர். 1785 பிப்ரவரி 28-இல் நவாபின் கடன்கள் பற்றி அவர் ஆற்றிய உரையில் ஐதரின் படையெடுப்பால் கருநாடகம் பாழான காட்சி விரிவாக வருகின்றது. ஆனால் அவ்வுரையும் கடன்காரர்க்கு எதிராக எழுந்ததேயன்றிப் படைவிலக்கத்திற்காக எழுந்ததன்று.

விலக்கம் நடந்தவாற்றையும் பார்க்கவேண்டும். புதிய படைத்தலைவர் கார்ல்டன் 1782 மேயில் நியூயார்க்கை அடைந்தார். சவானா ஜூலை 11-இலும், சார்ல்ஸ்டன் டிசம்பர் 14-இலும், நியூயார்க்கு 1783 நவம்பர் 25-இலும் காலிசெய்யப்பட்டன. தீர்மானத்திலிருந்து கடைசிக் கப்பல் வரை இருபத்தொரு திங்கள். காலம் நீண்டதற்குக் காரணம் படைமட்டும் அன்று. மன்னர் பக்கம் நின்ற அமெரிக்கரைப் பல்லாயிரக்கணக்கில் ஏற்றிச் செல்லவேண்டியிருந்தது. ஆங்கிலப் படையில் அடைக்கலம் புகுந்தால் விடுதலை என்னும் வாக்குறுதியை நம்பி வந்த நீக்ரோ அடிமைகளும் அவர்களுள் இருந்தனர். 1783 மேயில் வாஷிங்டன் அவர்களைத் திருப்பித் தருமாறு நேரில் கேட்டபோது கார்ல்டன் மறுத்துவிட்டார். ஏறத்தாழ மூவாயிரவரின் பெயரும் அகவையும் பேரேட்டில் பதியப்பட்டு, அவர்கள் நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவைத் தீர்மானம் எதிலும் இவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கொடுத்த வாக்கைக் காத்தவர் களத்தில் இருந்த படைத்தலைவரே. சமாதான உடன்படிக்கை மன்னர் பக்கத்தாரைக் கைவிட்டது என்னும் பழி எழுந்தபோது, 1783 பிப்ரவரியில் அதே பொதுமக்கள் அவை ஷெல்பர்ன் அமைச்சரவையைத் தோற்கடித்தது. விடுதலையை வெறுத்த சாத்தத்தின் மாணாக்கரே விடுதலையை எழுதிக்கொடுத்துப் பதவியும் இழந்தார்.

தமிழ்நாட்டிலோ 1782 ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறிற்று. அவ்வாண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டிலும் சென்னையில் கடும் பஞ்சம். டிசம்பர் 7-இல் ஐதர் இறந்தார், போர் நிற்கவில்லை. ஆங்கில அரசுக்கும் பிரெஞ்சு அரசுக்கும் இடையே 1783 ஜனவரி 20-இல் முதற்கட்ட உடன்பாடு கையெழுத்தாயிற்று. அஃது அறியாமல் ஜூன் 13-ஆம் நாள் கடலூரின் புறத்தே இரு படைகளும் நாள் முழுதும் பொருதன. மூன்றாம் ஜார்ஜின் ஹனோவர் நாட்டு வீரரும் அங்கு மடிந்தனர். ஐரோப்பாவில் சமாதானம் ஆகிப் பல திங்கள் கழித்து ஒரு களத்தில் இத்துணைப் பேர் மாண்டதை எந்தப் பாராளுமன்ற வாக்கும் தடுத்திருக்க இயலாது என்பர். பிரெஞ்சுக்காரரைப் பொறுத்தவரை அது மெய். திப்புவோடு நடந்த போர் அவ்வாறன்று. அது மங்களூர் உடன்படிக்கை வரை, 1784 மார்ச்சு 11 வரை, தொடர்ந்தது. யார்க்டவுனில் சரணடைந்த கார்ன்வாலிஸ் 1786-இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார்; 1792-இல் திண்டுக்கல்லும் பாராமகாலும் அவர் கையெழுத்தால் கம்பெனிக்கு உரியவாயின.

புதுச்சேரியில் நயினாராக இருந்த இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு அச்சில் கிடைக்கின்றது. டண்டாஸ் குழுவின் அறிக்கைகளும் கிடைக்கின்றன. இவ்விரண்டையும் நாள்வரிசைப்படி ஒருங்கே வைத்துப் படித்தல் நம் ஆராய்ச்சி மாணாக்கர் மேற்கொள்ளத்தக்க பணி. 1783 ஜூன் இறுதியில் கடலூருக்கு எதிரே சமாதானக் கொடியுடன் ஒரு கப்பல் வந்து நின்றபோது, கரையில் இருந்தவர்கள் அச்செய்தியை என்னவென்று விளங்கிக்கொண்டனர் என்னும் வினாவிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.